வராண்டாவில் ஒரு விபத்து

என் கணவரை நான் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணத்துக்கு முன்பே ஒட்டிக்கொண்ட பெயர் அது. கார் ஓட்டக் கற்றுக்கொள்ளலாம் என்று அவர் வேலை பார்த்த டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். கார் ஓட்ட வந்ததோ இல்லையோ, கற்றுக்கொடுத்தவர் வீட்டோடு வந்துவிட்டார். அவருக்கு நான் எல் போர்டு. என் சொந்தப் பெயர் அவர் வாயிலிருந்து வந்தால் கோபமாக இருக்கிறார் என்று அர்த்தம். அது எப்போதாவதுதான் வரும்.

அவர் வாய் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. பயத்தில் ஸ்டியரிங்கை உடும்புப் பிடியாகப் பிடித்திருப்பவர்களைச் சிரிக்க வைத்தே ரோட்டில் இறக்கிவிடுவார். கற்றுக்கொடுக்கும் காரில் மாஸ்டர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். என் பயம் தெளியவே இல்லை என்று கண்டதும், ஒரு நாள் ஓடுகிற காரில் இரண்டு காலையும் தூக்கி சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். "பாருங்க, என் கால் பிரேக்ல இல்ல. வண்டி ஓட்டுறது நீங்கதான்" என்றார். நான் ஓட்டினேன். அந்தச் சம்மணத்தில்தான் நான் விழுந்தேன் என்று என் தங்கை இன்றும் கிண்டல் செய்வாள்.

அப்படிப்பட்ட மனுஷனைத்தான் மனநல மருத்துவமனையில் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

எப்படி ஆரம்பித்தது என்று கேட்டால், சிரிப்பில் ஆரம்பித்தது. விடிவதற்குள் குளித்துவிட்டு, எங்கள் குடியிருப்பின் பெரியவர்களை எல்லாம் கார் நிறுத்தும் இடத்துக்கு வரவழைத்தார். பிளாஸ்டிக் நாற்காலிகளில் வரிசையாக உட்கார வைத்து, ஆளுக்கொரு சாப்பாட்டுத் தட்டைக் கையில் கொடுத்து, ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். கிழவர்கள் தட்டைத் திருப்பிக்கொண்டே வாயால் ஹாரன் அடித்தார்கள். நான் பால்கனியில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தேன். எனக்குப் பெருமை வேறு. இந்த ஆள் தூங்குவதே இல்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

பிறகு பேச்சு வேகம் பிடித்தது. ஒன்று முடிவதற்குள் அடுத்ததற்குத் தாவினார். நடுவில் நான் வாயைத் திறந்தால் எரிந்து விழுந்தார். என் சொந்தப் பெயர் நாளுக்கு நாலு தடவை வெளியே வந்தது. கடைசியில் ஸ்கூல் காரில் தன் பக்கத்துப் பிரேக்கைக் கழற்றிப் போட்டுவிட்டு, நம்பிக்கை இருக்கிறவனுக்கு எதற்கு ரெண்டாவது பிரேக் என்று கேட்டுக்கொண்டு, கற்றுக்கொள்ள வந்த ஒரு டீச்சரம்மாவை நெரிசலான ரோட்டுக்குக் கூட்டிப் போனார். கார் நடுச்சுவரில் ஏறியது. டீச்சரம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்தது. அதோடு போயிற்றே என்று எல்லோரும் சொன்னார்கள். இவர் காரிலிருந்து இறங்கி நின்று கைதட்டினாராம். டீச்சரம்மாவே அதை என்னிடம் சொன்னார்.

ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்றால் வருகிற நிலையிலா இருந்தார்? அவருடைய அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அண்ணியும் நானும் பேசி வைத்துக்கொண்டு ஒரு நாடகம் ஆடினோம். அண்ணி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தார். மாஸ்டர் பதறிப்போய்ச் சாவியை எடுத்தார். அந்த நிலையில் அவரை ஓட்ட விட்டது முட்டாள்தனம்தான், ஆனால் வேறு யார் ஓட்டினாலும் அவருக்குச் சந்தேகம் வந்திருக்கும். அத்தனை நாள் தாறுமாறாக ஓட்டியவர், அக்காவுக்குக் குலுங்கக் கூடாதென்று ஒவ்வொரு வேகத்தடையிலும் காரை ஊர்ந்து ஏற்றி ஊர்ந்து இறக்கினார். நான் சொன்ன வாசலில் நிறுத்தினார். போர்டைப் படித்தார். அக்காவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இது ஆம்புலன்ஸ் வர்ற வழி. ஓரமா நிறுத்திட்டு வரேன்" என்றார்.

ஓரமாக, கோட்டுக்குள், ஒழுங்காக நிறுத்திவிட்டுத் தானாகவே இறங்கி உள்ளே வந்தார். உள்ளே போன பிறகு கூச்சலும் இழுபறியுமாக நடந்ததை எல்லாம் சொல்ல எனக்கு மனமில்லை.

அந்த வார்டின் கதவு எப்போதும் பூட்டியிருக்கும். மணி அடித்தால் நர்ஸ் வந்து பையைத் துழாவிப் பார்த்துவிட்டு உள்ளே விடுவார். கண்ணாடிச் சாமான், கயிறு, பெல்ட், பிளேடு எதுவும் கூடாது. ஒரு நாள் என் சீப்பின் காம்பு கூராக இருக்கிறது என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். சீப்பால் யாரைக் குத்தப் போகிறேன் என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. போகும்போது மறக்காமல் கேட்டு வாங்கினேன். அந்த ஆஸ்பத்திரியில் என்னால் ஜெயிக்க முடிந்தது அந்தச் சீப்பு விஷயத்தில் மட்டும்தான்.

டாக்டர் என்னைவிட இளையவள். இது இருமுனைக் கோளாறு என்று அவள்தான் சொன்னாள். ஒரு பக்கம் தலைகால் புரியாத உற்சாகம், இன்னொரு பக்கம் எழுந்திருக்கவே முடியாத சோர்வு. மாமனார் இறந்தபோது மாஸ்டர் மாதக் கணக்கில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்ததைச் சொன்னேன். நாங்கள் அதைத் துக்கம் என்று நினைத்திருந்தோம். அதுவும் இதுதானாக இருக்கலாம் என்று டாக்டர் சொன்னாள். மருந்து சாப்பிட்டால் கட்டுக்குள் இருக்கும், வேலைக்குப் போகலாம், ஆனால் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றாள்.

பார்க்கிற வேலைதான் எனக்கும். நான் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறேன். இந்த லென்ஸில் தெளிவாகத் தெரிகிறதா, அந்த லென்ஸிலா என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பேன். பாதிப் பேர் மரியாதைக்காக எல்லாமே தெளிவாக இருக்கிறது என்பார்கள். அவர்கள் சொல்வதை நம்பாமல் கேள்வியை மாற்றிப் போட்டுக் கேட்பதுதான் என் தொழில். கண்ணில் ஏதாவது வித்தியாசமாகப் பட்டால் கடையில் ஒரே விதிதான். சந்தேகத்தை நம்மிடம் வைத்துக்கொள்ளக் கூடாது, உடனே கண் டாக்டரிடம் அனுப்பிவிட வேண்டும். அதனால் சிலருக்குப் பார்வை தப்பியிருக்கிறது. எனக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

தினமும் நான் மாஸ்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்ததும் டாக்டர் ஒரே கேள்வியைக் கேட்பாள்.

"இன்னைக்கு உங்க கண்ணுக்கு எப்படித் தெரியறார்? இதுக்கு முன்னாடி அவர் எப்படி இருந்தார்னு எனக்குத் தெரியாது. நீங்க பழையபடி இருக்கார்னு சொன்னாத்தான் என்னால வீட்டுக்கு அனுப்ப முடியும்."

பழையபடி என்றால் எந்தப் பழையபடி? அந்தக் கேள்வி என்னைப் போட்டுக் குடைந்தது. ஓடுகிற காரில் காலைத் தூக்கிச் சம்மணம் போட்டவரும் இவர்தான், பிரேக்கையே கழற்றி எறிந்தவரும் இவர்தான். முதலாவதைக் கல்யாணம் செய்துகொண்டு, இரண்டாவதற்கு ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டேன். நடுவில் கோடு எங்கே இருக்கிறது என்று டாக்டரிடம் கேட்டேன். தூக்கம், பேச்சின் வேகம், நடுவில் பேச விடுகிறாரா, இவற்றை மட்டும் கவனியுங்கள் என்றாள்.

ஆரம்பத்தில் கவனிக்க ஒன்றுமே இல்லை. மருந்து அவரை அடித்துப் போட்டிருந்தது. நாக்கு தடித்துப் போய், தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக் குடித்துக்கொண்டிருந்தார். கை நடுக்கத்தில் காகித டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. நான் என்ன சொன்னாலும் "ம்" என்பார். சில சமயம் அந்த "ம்" வருவதற்குள் நான் அடுத்த விஷயத்துக்குப் போயிருப்பேன். பார்வையாளர் அறையில் தரையோடு சேர்த்துத் திருகிய நாற்காலிகளில் அவரும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எதிர்ச் சுவரைப் பார்ப்போம். அண்ணி வந்து பார்த்துவிட்டு, தம்பி இப்போதாவது அமைதியாக இருக்கிறானே, அது போதும் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குப் போதவில்லை. என் வீட்டு ரேடியோவை யாரோ பிடுங்கிக்கொண்டு போன மாதிரி இருந்தது.

நாளாக ஆக முகம் தெளிந்தது. வீட்டில் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டதா என்று கேட்டார். டீச்சரம்மாவின் கை எப்படி இருக்கிறது என்று கேட்டார், கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். வார முடிவில் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று டாக்டர் சொன்னாள். நான் போய்த் தலையணை உறைகளை எல்லாம் துவைத்துப் போட்டேன்.

மறுநாள் போனபோது மாஸ்டர் எனக்கு முன்பே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முதுகை நிமிர்த்தி, இரண்டு முழங்காலையும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். கண்கள் பளபளவென்று இருந்தன. நான் பையைக் கீழே வைப்பதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"எல் போர்டு, நேத்து எங்க வராண்டாவுல ஒரு விபத்து. இங்க எல்லாரும் மாத்திரை போட்டுட்டு முதல் கியர்லதான் போவோம். தாடிக்காரர் இண்டிகேட்டர் போடாம பாத்ரூம் பக்கம் திரும்பிட்டார். பின்னாடி வந்த பேங்க்காரர் நேரா அவர் மேல. ரெண்டு பேரும் முதல் கியர், அதனால உயிர்ச்சேதம் இல்ல. ஆனா யார் மேல தப்புன்னு பேசி முடிக்கிறதுக்குள்ள, எங்க போகக் கிளம்பினோம்னு ரெண்டு பேருக்கும் மறந்துபோச்சு. இப்ப ரெண்டு பேரும் அங்கேயே பார்க்கிங்."

நடுவில் நான் யார் அந்தத் தாடிக்காரர் என்று கேட்க வாயெடுத்தேன். கையைக் காட்டித் தடுத்துவிட்டு, குரலை உயர்த்தி மூச்சு விடாமல் சொல்லி முடித்தார். "பார்க்கிங்" என்றதும் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. அத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வெடித்த சிரிப்பு அது. பக்கத்தில் மகனைப் பார்க்க வந்த ஒரு அம்மாள் திரும்பிப் பார்த்தாள். நான் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த மாஸ்டர் இரண்டு கையையும் தூக்கிப் பலமாகக் கைதட்டினார்.

வெளியே வந்து படியிறங்கும்போது அந்தக் கைதட்டல் காதில் திரும்பக் கேட்டது. டீச்சரம்மா சொன்ன கைதட்டலும் அதோடு சேர்ந்துகொண்டது. என் கால் அப்படியே நின்றுவிட்டது. பளபளத்த கண், மூச்சு விடாத பேச்சு, நடுவில் வாய் திறக்க விடாத கை. போன தடவையும் இப்படித்தான் நான் பால்கனியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். நான் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் அவர் என் கையை விட்டுப் போனார். இந்தத் தடவையும் சிரித்துவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போவதா? சந்தேகத்தை நம்மிடம் வைத்துக்கொள்ளக் கூடாது. நான் திரும்பிப் படியேறினேன்.

டாக்டர் கேட்டதற்கெல்லாம் உண்மையைத்தான் சொன்னேன். வேகமாகப் பேசினாரா, பேசினார். நடுவில் விட்டாரா, விடவில்லை. வேறு ஏதாவது, கைதட்டினார். இரண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை, என்னவோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார் என்று நர்ஸும் சொன்னார். டாக்டர் அவரை உடனே கூப்பிட்டு வைத்துப் பேசிப் பார்த்தாள். எதற்குக் கூப்பிட்டார்கள் என்று புரியாமல் அவர் படபடத்திருக்கிறார், அதுவும் சேர்ந்துகொண்டது. வீட்டுக்கு அனுப்புவதைத் தள்ளி வைத்தார்கள். மருந்தின் அளவை ஏற்றினார்கள்.

அடுத்த முறை போனபோது அவர் வாயோரம் எச்சில் வழிந்துகொண்டிருந்தது. நான் துடைத்துவிட்டேன். துடைக்கிறேன் என்பதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். நர்ஸ் அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போன பிறகு நான் அந்தத் திருகிய நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். உள்பக்கக் கதவைத் திறந்துகொண்டு ஒருவர் மெதுவாக வந்தார். நெஞ்சு வரை நரைத்த தாடி. அவர் வந்து நிற்பதற்கே ரொம்ப நேரம் ஆயிற்று.

"நீங்கதான் எல் போர்டா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

"அன்னைக்கு நீங்க சிரிச்சீங்களாம்மா? மாஸ்டர் கைதட்டினார். கைதட்டினா நீங்க சிரிச்சிட்டீங்கன்னு அர்த்தம், அப்படித்தான் பேசி வச்சிருந்தோம். நாங்க எல்லாரும் கதவுக்குப் பின்னாடி காதை வச்சுட்டு நின்னோம்."

எனக்கு விளங்கவில்லை. அவர் நிதானமாக, விட்டு விட்டுச் சொன்னார். வராண்டாவில் விபத்து எதுவும் நடக்கவில்லையாம். அவரும் பேங்க்காரரும் மோதிக்கொள்ளவே இல்லையாம். வீட்டுக்காரி இங்கே வந்ததிலிருந்து ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை, வீட்டுக்குப் போவதற்குள் அவளை ஒரு தடவையாவது சிரிக்க வைக்க வேண்டும் என்று மாஸ்டர் இவர்களிடம் சொல்லியிருக்கிறார். முன்பெல்லாம் தானாக வந்த பேச்சு இப்போது வரவில்லை. ஒரு வரி யோசித்தால் முந்தின வரி மறந்துபோகும். வார்டே உட்கார்ந்து அந்தக் கதையைக் கட்டியிருக்கிறது. மோதுவது பேங்க்காரர் என்று வைக்கலாமா, நர்ஸ் என்று வைக்கலாமா என்று பெரிய விவாதமாம். படுக்கையில்கூட முணுமுணுத்து மனப்பாடம் செய்தாராம்.

"நடுவுல யாராவது பேசினா அவருக்கு விட்டுப்போகும்மா. மறுபடி விபத்துலேர்ந்தே ஆரம்பிக்கணும். அதான் நீங்க குறுக்கே கேள்வி கேட்டா கையைக் காட்டி நிறுத்திடுங்கன்னு நான்தான் சொல்லிக் கொடுத்தேன்" என்றார் தாடிக்காரர். சொல்லிவிட்டு மறுபடியும் கேட்டார். "சிரிச்சீங்கதானே?"

"சிரிச்சேன்" என்றேன். அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது.

டாக்டரிடம் ஓடினேன். எல்லாவற்றையும் கொட்டினேன். மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதாகச் சொன்னாள். நீங்கள் சொன்னதில் தப்பில்லை, எனக்கும் அப்படித்தான் பட்டது, இனிமேலும் எதைப் பார்த்தாலும் சொல்லுங்கள் என்றாள். அவள் நியாயமாகத்தான் பேசினாள். எனக்கோ அவள் மேல் பற்றிக்கொண்டு வந்தது. ஒருத்தன் தன் பெண்டாட்டியைச் சிரிக்க வைத்ததற்கு மருந்தை ஏற்றுகிற வழக்கம் எந்த உலகத்தில் இருக்கிறது என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. ஏற்றச் சொன்னது யார் என்று திருப்பிக் கேட்டால் என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வேன்?

அவருக்குத் தெளிவு வந்த நாளில் மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று நினைத்துக்கொண்டே போனேன். என்ன சொல்வது என்று அவரைப் போலவே நானும் வழியெல்லாம் முணுமுணுத்துப் பார்த்தேன். அங்கே போனதும் எல்லாம் மறந்துவிட்டது.

"டாக்டர்கிட்ட நீதான் சொன்னியா?" என்று அவரே கேட்டார்.

"நான்தான் சொன்னேன் மாஸ்டர். பயந்துட்டேன். மறுபடி அப்படி ஆயிடுமோன்னு. என்னை மன்னிச்சிடுங்க."

அவர் காகித டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, கொஞ்சம் தண்ணீர் குடித்தார். பிறகு என் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். குரலில் கோபம் துளிக்கூட இல்லை.

"நான் உன் இடத்துல இருந்தாலும் சொல்லியிருப்பேன்" என்றார். "ஆனா ஒண்ணு. கத்துக்கிறவங்க நல்லா ஓட்டிட்டு இருக்கும்போது நாம பிரேக்கை மிதிச்சிட்டோம்னு வை. அதுக்கப்புறம் அவங்க ரோட்டைப் பார்க்க மாட்டாங்க. நம்ம காலைத்தான் பார்ப்பாங்க."

இனிமேல் மிதிக்க மாட்டேன் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை, ஏனென்றால் அது பொய். திரும்பவும் ஒரு நாள் கண்ணில் அந்தப் பளபளப்பைப் பார்த்தால் திரும்பவும் படியேறிப் போய்ச் சொல்வேன். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கையை மட்டும் பிடித்துக்கொண்டேன். அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது, என் கையும் அதோடு சேர்ந்து ஆடியது.

பிறகு வீட்டுக்கு வந்துவிட்டார். டாக்டர் சொல்லி அனுப்பியதில் ஒன்றைக்கூட அவர் தவறவிடவில்லை. வேளாவேளைக்கு மாத்திரை, நேரத்துக்குப் படுக்கை, ரத்தப் பரிசோதனைக்கு நான் ஞாபகப்படுத்துவதற்கு முன்பே சட்டை மாட்டிக்கொண்டு நிற்பார். டிரைவிங் ஸ்கூலில் இப்போதைக்குக் காரில் ஏற வேண்டாம் என்று மத்தியானம் வரை ஆபீசில் உட்கார வைத்திருக்கிறார்கள். அதற்கும் சரி என்றார். என்னிடம் மெதுவாகப் பேசினார். நான் பேசினால் முடிக்கும் வரை பொறுத்து, ஒரு விநாடி விட்டுப் பதில் சொன்னார். அண்ணி அடிக்கடி வந்து பார்த்துவிட்டு, என் தம்பி தங்கமாக மாறிவிட்டான் என்று பூரித்துப் போனார். நானும் தலையாட்டினேன். உயிரோடு, என் கண் முன்னால் நடமாடுகிறார். இதைவிட வேறென்ன வேண்டும் என்று என்னை நானே அதட்டிக்கொண்டேன்.

எனக்கு நகைச்சுவை சுட்டுப்போட்டாலும் வராது. இருந்தாலும் ஒரு நாள் காலை சாப்பிடும்போது முயன்று பார்த்தேன். கடைக்கு வந்த ஒரு தாத்தா, கண்ணாடி போட்டதும் தன் மனைவியைப் பார்த்துவிட்டு, பழைய கண்ணாடியையே கொடுத்துவிடு என்று கேட்ட கதையைச் சொன்னேன். மாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. தோள் குலுங்கியது. பாதியில் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் அவர் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், வேறெங்கே பார்ப்பேன்? அவர் வாயை மூடி, தொண்டையைச் செருமிக்கொண்டு, "நல்லா இருக்கு" என்றார். தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார்.

போன வாரம் கடையில் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. வழக்கத்தைவிட முன்னதாக வீட்டுக்கு வந்து படியேறினேன். எங்கள் தளத்துக்கு வருவதற்குள் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேச்சுக் குரல் கேட்டது. இப்போது வார்டிலிருந்து வீட்டுக்குப் போய்விட்ட தாடிக்காரரோடு மாஸ்டர் போனில் பேசிக்கொண்டிருந்தார். டிரைவிங் ஸ்கூல் ஆபீசில் யாரோ ஒருவர், கார் ஓட்டுவதை வீட்டிலிருந்தே போனில் சொல்லித் தர முடியுமா என்று கேட்டாராம். "அதுக்கென்ன, நீங்க மோதும்போதும் போன்லயே மோதிக்குங்க" என்று இவர் சொன்னாராம். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அந்தப் பக்கம் தாடிக்காரரும் சிரித்திருக்க வேண்டும், இவர் இன்னும் பெரிதாகச் சிரித்தார். மறைக்காத, பாதியில் நிறுத்தாத சிரிப்பு. கல்யாணத்துக்கு முன்னால் காருக்குள் நான் கேட்ட அதே சிரிப்பு.

சாவியை எடுத்துக் கதவில் நுழைக்கப் போனேன். நுழைத்தால் அது நின்றுவிடும் என்று தெரிந்தது. சத்தமில்லாமல் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்தேன். எதிர் வீட்டுப் பெண் மேலேறி வந்தவள், என்னக்கா சாவி தொலைந்துவிட்டதா என்று கேட்டாள். உதட்டில் விரலை வைத்து அவளை அனுப்பினேன்.

எவ்வளவு ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. கேட்டுக்கொண்டிருக்கும்போதே, குரல் கொஞ்சம் உயர்ந்து போகிறதோ என்று தோன்றியது. தாடிக்காரரை நடுவில் பேச விடுகிறாரா என்று காதைத் தீட்டினேன். விட்டார். நேற்று இரவு சரியாகத் தூங்கினாரா என்று யோசித்தேன். தூங்கினார். என் மேலேயே எனக்கு வெறுப்பு வந்து அழுகை முட்டியது. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

பேச்சு ஓய்ந்து உள்ளே அரவம் அடங்கியபோது நான் வழக்கமாக வரும் நேரம் தாண்டிவிட்டிருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து கதவைத் திறந்தேன். அவர் ஜன்னலோரம் கைகளை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். முகம் சமனாக இருந்தது. லேட்டாகிவிட்டதா என்று கேட்டார். கடையில் கூட்டம் என்றேன்.

நான் செருப்பைக் கழற்றி வைக்கும் வரை பொறுத்திருந்தார். பிறகு, நான் எதையும் கேட்காமலே சொன்னார்.

"மத்தியான மாத்திரை போட்டுட்டேன். கொஞ்ச நேரம் தூங்கினேன். யார்கிட்டயும் அதிகம் பேசல."

"சரி" என்றேன்.